கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்: பிளாஸ்டிக்கை வைரத்தால் கடைவது ஏன்?

கண்புரை நீக்கிய பின் கண்ணுக்குள் பொருத்தப்படும் பிளாஸ்டிக் லென்ஸ், இந்தியாவில் 1980-களில் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்காகவே இருந்தது. ஏழை நோயாளிகள் லென்ஸ் இன்றி, தடித்த மூக்குக்கண்ணாடியுடனேயே வீடு திரும்பினர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் லென்ஸை இங்கேயே தயாரித்து, விலையைப் பல மடங்கு குறைத்தது. அதன் தயாரிப்புகள் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

லென்ஸின் ஒளி கடக்கும் பகுதி சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அக்ரிலிக் வட்டைச் சுழலவிட்டு இதனைக் கடைவர். வெட்டுமுனை நகரும் பாதையே லென்ஸின் வளைவாகிறது. அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். முனை சற்று மழுங்கினாலும் உராய்வுச் சூட்டில் பரப்பு இழுபட்டு மங்கிவிடும். ஒற்றைப் படிக வைரமோ வெப்பத்தை விரைந்து கடத்தும். அதன் விளிம்பை மிக நுண்மையாகத் தீட்டலாம். பரப்பின் மேடுபள்ளம் சில நானோமீட்டர்களுக்குள் அடங்கும். இவ்வகைக் கடைசல் இயந்திரத்தைப் பெங்களூரு மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

இத்தனை கடினமான வைரம் எஃகிடம் தோற்றுவிடுகிறது. சூட்டில் அதன் கார்பன் இரும்புடன் வினைபுரிந்து, முனை விரைவில் தேய்கிறது. ஆகவே வார்ப்பு முறையில் லென்ஸ் செய்வோர், எஃகு அச்சின்மேல் நிக்கல் பூசி அப்பூச்சையே கடைகின்றனர்.

சிறு கீறல் வழியே செலுத்தத்தக்க மடக்கு லென்ஸ்களில் ஒரு வகை நீரை உறிஞ்சும் அக்ரிலிக்கால் ஆனது. அதனை உலர்நிலையில், கெட்டியாக இருக்கும்போதே கடைய வேண்டும். பின்னர் நீரில் ஊறிப் பருக்கும் அளவை முன்கூட்டியே கணக்கிட்டு, சற்றுச் சிறியதாகவே வெட்டுகின்றனர்.