கச்சான் காலத்துக் கதிர்காம யாத்திரை

வைகாசி பிறந்தால் திருகோணமலையில் காற்று திசை மாறிவிடும். மேற்கேயிருந்து காட்டையும் வயலையும் கடந்து வரும் கச்சான், துறைமுகத்து நீரைச் சிலிர்க்கச் செய்து, பகலெல்லாம் அனலாய் வீசும். கந்தளாய்க்குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களிலே சிறுபோகப் பயிர் பச்சை கட்டி நிற்கும். கரையோரங்களிலே மீன்வாடிகள் எழும். பயிருக்குக் காவல் வேண்டும். மீனுக்கு உப்பு வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கும். வேலைகள் நெருக்கும் இந்தப் பருவத்திலேதான் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களின் பல குடும்பங்கள் மற்றொரு பெருங்காரியத்தையும் மேற்கொள்கின்றன. அது கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரை. அல்லது அங்ஙனம் செல்வோரை எதிர்கொண்டு உண்பித்து வழியனுப்பும் பணி.

ஈழத்தின் வடமுனையில் தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து வேல் தாங்கிப் புறப்படும் அடியார் கூட்டம், முல்லைத்தீவைக் கடந்து, கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்னும் ஊர்களினூடாகத் திருகோணமலையை அடைகின்றது. அங்கிருந்து மூதூர்ப் பகுதியையும் வெருகலையும் தாண்டி மட்டக்களப்பு நாட்டினுட் புகுந்து, மாமாங்கம், சின்னக் கதிர்காமம் என வழங்கும் மண்டூர், திருக்கோயில் ஆகிய தலங்களை வணங்கி, உகந்தமலையை அடைந்து, குமண, யால காடுகளை ஊடறுத்துச் சென்று, மாணிக்க கங்கைக் கரையிலே முடிகின்றது. முழுவழியையும் நடப்போருக்கு ஒன்றரை மாதமளவு செல்லும். கதிர்காமத்து ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு முன்னர்ப் போய்ச் சேர்வதே நடப்போரின் கணக்கு.

இந்த வழியின் வயதை எவரும் அறுதியிட்டுச் சொல்லவியலாது. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலே திருகோணமலைக்குப் பதிகம் பாடினார். பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழிலே திருகோணமலைக்கும் கதிர்காமத்துக்கும் பாடல்கள் உள. வெருகற் கோயிலின்மீது தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் ‘சித்திரவேலாயுதர் காதல்’ என்னும் நூலைப் பாடியுள்ளார். இத்தலங்கள் ஒன்றையொன்று அறியாத் தனித்தலங்களல்ல. அவற்றைக் கோத்த நூலாக விளங்கியது அடியார் நடந்த வழியே.

திருகோணமலை மக்களுக்கு இதனை உணர்த்தத் தனியாக ஒரு பாடம் வேண்டியதில்லை. அவர்களுடைய வரலாறே அதற்குச் சான்று. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் சுவாமிமலைமேலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அக்கோட்டையை ஆண்டனர். கோயில் இல்லாதபோதும் மக்கள் மலையுச்சிக்கு வருவதை விட்டிலர். கற்பூரம் ஏற்றி, மலரையும் பழத்தையும் கடலிலே இட்டு வணங்கிச் சென்றனர். 1950ஆம் ஆண்டிலே மண்ணிலிருந்து பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டிலே புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த இடத்தைக் காத்தது கட்டடமன்று. அங்கே சென்றுவந்த மக்களின் கால்களே காத்தன.

கோணேசர் கோயிலுக்கு இன்ன குடியினர் இன்ன தொண்டு செய்யவேண்டும் என்று வகுத்துரைப்பது ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் நூல். குளக்கோட்டன் வகுத்ததாகச் சொல்லப்படும் அவ்வொழுங்கிலே தொண்டு தனிமனிதனுக்கன்றிக் குடும்பத்துக்கே உரியதாயிருந்தது. தந்தை செய்ததை மகன் செய்தான். தாய் செய்ததை மகள் செய்தாள். கதிர்காம யாத்திரைக்கு இத்தகைய சாசனம் எதுவும் இல்லை. எனினும் அதே மனப்பாங்கு அங்கும் நிலைபெற்றது. ஒரு வீட்டார் மோர் வார்ப்பர். இன்னொரு வீட்டார் ஒருவேளை அமுது படைப்பர். ஆச்சி காலத்திலே கிணற்றடியில் அடியாருக்கு இடம் கொடுத்த வீடு, பேரப்பிள்ளை காலத்திலும் அக்கிணற்றடியைக் கூட்டி வைத்திருக்கும்.

இத்தகைய குடும்பமொன்றின் ஆனி மாதத்தை நோக்கினால் அதன் ஓயாத வேலை புலப்படும். யாத்திரைக்கு நேர்ந்துகொண்டவர் பல நாட்களுக்கு முன்னரே மச்சமாமிசம் நீக்கி விரதங்காப்பர். பெண்கள் அரிசியை இடித்து மாவறுப்பர். வேர்க்கொம்பும் மல்லியும் மிளகும் உலர்த்திப் பொடிசெய்து பொட்டலங் கட்டுவர். காட்டிலே கடை கிடையாது. உகந்தைக்கு அப்பால் சோறும் பருப்பும் தோளிற் சுமந்தவையே. ஆயினும் மூட்டை கனத்தால் கால் தளரும். ஆதலால் முன்பு நடந்து பழகிய முதியவர் ஒருவர் மூட்டையை அவிழ்த்து, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பார். அந்த வேளையிலேதான் வீட்டிலே பழைய கதைகள் பிறக்கும். எந்த ஆற்றிலே ஊற்றுத் தோண்டினால் நல்ல நீர் கிடைக்கும், எங்கே மாலைக்குப்பின் நடக்கலாகாது, யானை நின்ற தடத்தை எப்படி அறிவது என்பனவற்றைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பர்.

எல்லாரும் முழுவழியையும் நடப்பதில்லை. வயலும் வலையும் அதற்கு விடா. சிலர் வெருகல் மட்டும் வேலுடன் சென்று திரும்புவர். சிலர் உகந்தை வரை பஸ் வண்டியிற் போய், காட்டுவழியை மட்டும் நடப்பர். வயல் காக்கத் தந்தை வீட்டிலே தங்க, தாயும் மூத்த பிள்ளையும் போவதுண்டு. நடக்கும்போது சாதியும் உத்தியோகமும் பேசப்படா. ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். நேற்றுவரை வீட்டிலே ஏவப்பட்ட சிறுவனும் அவ்வழியிலே சாமியே. திரும்பி வந்ததும் ஓய்வு கிடையாது. நெல் விளைந்து அறுவடை காத்துக் கிடக்கும், வெருகற் கோயிலின் திருவிழாவும் அடுத்து வந்துவிடும்.

திருகோணமலை மாவட்டத்தைக் கடப்பது முற்காலத்தில் எளிதன்று. மகாவலி கங்கை பல கிளைகளாய்ப் பிரிந்து கடலைச் சேருமிடம் கொட்டியாரக் குடா. கிண்ணியா தொடங்கி வெருகல் வரையும் நீர்த்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிட்டன. ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைக் கிழக்கு மாகாணத்தார் ‘பாதை’ என்றே சொல்வர். நிலத்தில் நடப்பதும் பாதை, நீரில் மிதப்பதும் பாதை! துறைமுகத்திலிருந்து மூதூருக்குத் தோணியேறிச் சென்றோரும் உளர். 2009ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; அடுத்த சில ஆண்டுகளில் எஞ்சிய துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இன்று அடியார் கால் நனையாமல் அவ்விடங்களைக் கடக்கின்றனர்.

அரசாங்கங்கள் இந்த யாத்திரையை எப்போதும் ஒரே கண்கொண்டு பார்த்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, கூட்டத்தோடு வாந்திபேதி பரவுமென்று அஞ்சி, ஆங்கில அரசினர் கதிர்காம யாத்திரீகருக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப், 1908ஆம் ஆண்டு முதல் 1911ஆம் ஆண்டு வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். திருவிழாக் காலத்தில் ஒழுங்கைப் பேணக் கதிர்காமத்திலே தங்கி, தாம் கண்டவற்றை உத்தியோக நாட்குறிப்பில் எழுதினார். பின்னர் வீதிகள் திருந்தின. பஸ் வண்டிகள் ஓடின. ஒரே நாளில் போய்ச்சேரக்கூடிய இடத்துக்கு ஒன்றரை மாதம் நடப்பானேன் என்னும் கேள்வி எழுந்தது. நடப்போர் தொகை குறைந்தது.

இக்கேள்வி ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மோர்மன் சபையார் என வழங்கப்படுவோர், பகைவரின் துன்புறுத்தலைத் தாங்காது 1846ஆம் ஆண்டிலே இலினோய் மாநிலத்து நோவூ நகரைவிட்டு வெளியேறி, பிரிகாம் யங் என்பவரின் தலைமையிலே மேற்கு நோக்கிச் சென்றனர். 1847ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் அவர் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். பின்வந்த ஏழைக் குடும்பங்களுக்கு மாட்டுவண்டி வாங்க வகையில்லை. 1856ஆம் ஆண்டு முதல் 1860ஆம் ஆண்டு வரை பத்துக் கூட்டத்தினராக ஏறக்குறைய 3,000 பேர் கைவண்டிகளைத் தாமே இழுத்துச் சென்றனர். அயோவா நகரிலிருந்து 1,300 மைல் நடை. 1856ஆம் ஆண்டிலே காலந்தாழ்த்திப் புறப்பட்ட இரு கூட்டங்கள் பனியில் அகப்பட்டு 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவர்தம் வழித்தோன்றல்களும் சபையைச் சேர்ந்த பிறரும் இன்று கோடைவிடுமுறையிலே முன்னோர் உடுத்தவை போன்ற உடைகளை உடுத்து, அதே மாதிரியான கைவண்டிகளைச் செய்து, சில நாட்கள் இழுத்து நடக்கின்றனர். இளைஞரைச் சிறுசிறு குடும்பங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயையும் தந்தையையும் நியமிக்கின்றனர். 1997ஆம் ஆண்டிலே 150ஆம் ஆண்டு நிறைவின்போது நெடுவழி முழுவதையும் வண்டிகளோடு மீண்டும் கடந்தோரும் உண்டு. முன்னோர் பட்ட பாட்டை ஏட்டிலே படிப்பதற்கும் தோளிலே உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறிந்திருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய முன்னோர் ஒருமுறை நடந்து ஊர் சேர்ந்தவர்கள். நடை முடிந்தபின் அது நினைவுச் சடங்காயிற்று. கதிர்காம வழியோ முடிவுறாத நடை. அதற்குப் பழைய உடையைத் தேடித் தைக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு வேட்டியோ சேலையோ, கையில் ஒரு தடி, செருப்பில்லாத கால் ஆகியவை போதும்.

முடிவுறாதிருந்த அந்த நடையும் ஒருமுறை முறிந்தது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்பின் கால்நடை யாத்திரை நின்றுபோயிற்று. வீதிகளிலே சோதனைச் சாவடிகள் எழுந்தன. ஊர்கள் பல வெறுமையாயின. நடவாத வழி விரைவிலே காடாகும். தூராத கிணறு தூர்ந்துபோகும். எந்த வீட்டிலே தண்ணீர் கேட்கலாம் என்பதை அறிந்தவர்களும் இடம்பெயர்ந்துவிடுவர். இன்னும் ஒரு தலைமுறை கழிந்திருப்பின் அவ்வழி ஏட்டிலே மட்டும் எஞ்சியிருக்கும்.

1988ஆம் ஆண்டிலே கதிர்காம பக்தர் அறக்கட்டளையினரின் முயற்சியால் யாத்திரை மீண்டும் தொடங்கிற்று. அவ்வறக்கட்டளையோடு இணைந்து உழைத்த பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்கர், 1972ஆம் ஆண்டிலே வடக்கிலிருந்து அடியாரோடு நடந்து அவ்வழியை அறிந்தவர். முன்பு நடந்தோரின் நினைவே புதிதாய் நடந்தோருக்கு வரைபடமாயிற்று. போர் நீடித்த ஆண்டுகளிலே வடக்கிலிருந்து வருதல் அரிதாகவே, கிழக்கிலிருந்து புறப்பட்ட சிறு கூட்டங்களே வழியை அழியாமற் காத்தன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வழியின் கரையோர ஊர்களைத் தாக்கியது. 2006ஆம் ஆண்டிலே மாவிலாற்றில் மூண்ட போர் மூதூரையும் ஈச்சிலம்பற்றையும் அகதிகளின் ஊர்களாக்கியது. அடியாருக்கு அமுது படைத்த கைகள் நிவாரணச் சோற்றுக்கு ஏந்தி நின்றன. 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்த பின்னரே செல்வச்சந்நிதியிலிருந்து முழுவழியையும் நடத்தல் மீண்டும் கைகூடிற்று.

மீண்டு வந்த குடும்பங்கள் முதலிலே கூரை வேய்ந்தன, வயலைத் திருத்தின, கிணற்றை இறைத்தன. வேல் வரும் செய்தி கேட்டதும், தமக்கே போதாத அரிசியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி வைத்த வீடுகளும் இருந்தன. அச்செயலை வெறும் பக்தி என்று மட்டும் சொல்லிவிடுதல் பொருந்தாது. ஊர் மீண்டும் ஊராயிற்று, இவ்வழி வருவோரை வரவேற்க இங்கே ஒரு வீடு இருக்கின்றது என்று அக்குடும்பம் தனக்கும் பிறர்க்கும் அறிவித்த செயலுமாகும்.

இந்த வழியில் தமிழர் மட்டும் நடப்பதில்லை. கதிர்காமத்திலே சிங்களப் பௌத்தரும் வணங்குகின்றனர். அங்கே கிரிவிகாரையும் உண்டு, முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. வள்ளியம்மையை வேடர்குலத்து மகளென்று கதை கூறும். மூதூர், வெருகற் பகுதிகளிலே கரையோர வேடர் இன்றும் வாழ்கின்றனர். பிளவுண்ட நாட்டிலே பலரும் ஒரே முற்றத்தை நோக்கி வரும் வழிகள் சிலவே. அவற்றுள் ஒன்றைத் திறந்து வைத்திருப்பது சிறு காரியமன்று.

ஆண்டுதோறும் உகந்தைக்கு அப்பாலுள்ள காட்டுவழி சில நாட்களுக்கே திறக்கப்படுகின்றது. கும்புக்கன் ஆற்றைக் கடக்கும் கூட்டத்திலே தாயின் கையைப் பற்றி நடக்கும் சிறுவர்களைக் காணலாம். காட்டு எருமையும் கரடியும் உலவும் அவ்வழியிலே வெப்பமும் தாகமும் அவர்களுக்கும் பொதுவே. நாற்பது ஆண்டு கழித்து யாரேனும் மூட்டையை அவிழ்த்து, இது வேண்டாம், இது வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பாராயின், அவர் இச்சிறுவர்களுள் ஒருவராகவே இருப்பார். கச்சான் வீசத் தொடங்கியதும் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த வீடுகளிலே மாவறுக்கும் மணம் எழுவது அதற்காகவே.