விளக்கு போச்சு, தொட்டில் இருக்கு

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் டேப்ரெக்கார்டரில் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. உள்ளே இருப்பதை யாரும் அழிக்க முடியாது. 1994 சித்திரையில் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாளே எங்கள் பெரியப்பா ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு பல்லையும் நெம்பி எடுத்துவிட்டார். ஏழு வருஷம் கழித்து, 2001 தீபாவளிக்கு மறுநாள், அந்த ஓட்டைகள் மேல் செல்லோ டேப் ஒட்டியவன் நான்.

கேசட் சாதாரண அறுபது நிமிஷக் கேசட்தான். பக்கத்துக்கு முப்பது நிமிஷம், மொத்தம் சுமார் 86 மீட்டர் நாடா. திருநெல்வேலி டவுனில் வாங்கியது. கொடை அன்று ராத்திரி பெரியப்பா எங்கள் பேட்டையிலிருந்து டேப்ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், மைக் செட்காரர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். விடிய விடிய நடக்கிற கணியான் கூத்தில் ஒரு மணி நேரம்தான் அவருக்குக் கொள்ளும். எந்த ஒரு மணி நேரம் என்பதை அவர் முன்னாலேயே முடிவு செய்திருந்தார். சுடலைமாடன் பிறந்ததிலிருந்து பூலோகத்துக்கு வருகிற வரைக்கும்.

கணியான் கூத்தைப் பார்க்காதவர்களுக்கு: அண்ணாவி கதை பாடுவார். பின்பாட்டுக்காரர் காதில் கையை வைத்துக்கொண்டு அதை வாங்கி இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோவார். பெண் வேடமிட்ட இரண்டு பேர் ஆடுவார்கள். மகுடம் என்ற தோல்வாத்தியம் இரண்டு அடிப்பார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஆட்டம் தொடங்கும் முன்னால் ஓலையைக் கொளுத்தி மகுடத்தின் தோலைச் சூடுகாட்டுவார்கள். தோல் இறுக இறுகச் சத்தம் ஏறும். மந்தத்தை அவ்வளவு ஏற்றமாட்டார்கள், அது அடிவயிற்றில் கேட்க வேண்டும். பந்தலுக்குப் பக்கத்தில் நின்றால் காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் படும்.

அதே 1994-இல், கொடை முடிந்து ஆறு மாதம் போல் ஆனபோது, அமெரிக்காவில் கார்ன் என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அக்டோபர் 11. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊர்ப் பையன்கள். மாலிபு மலையில் இண்டிகோ ராஞ்ச் என்ற ஸ்டுடியோவில் ராஸ் ராபின்சன் தயாரித்தது. ஆறு கம்பி கிட்டாருக்குப் பதில் ஏழு கம்பி கிட்டார், அதையும் ஒரு சுரம் தளர்த்திக் கட்டினார்கள். அவர்கள் மந்தத்தைத் தேடித்தான் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பாடகர் ஜோனதன் டேவிஸ் அதற்கு முன் பிணப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இளம் வயதில் தினமும் பிணங்களின் நடுவே நின்றவர். அந்த ஆல்பத்தில் பேக்பைப் ஊதுகிறார், குழந்தைப் பாட்டுகளைப் பல்லைக் கடித்துப் பாடுகிறார். கடைசிப் பாட்டில் சின்ன வயதில் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லப்போய், பாட முடியாமல் உடைந்து அழுகிறார். ராபின்சன் டேப்பை நிறுத்தவில்லை. அந்த அழுகை அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. நு மெட்டல் என்று பிற்பாடு பெயர் வாங்கிய இசை அந்த அழுகையிலிருந்து புறப்பட்டது என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

பிறகு வந்தவர்கள் பலர். லிம்ப் பிஸ்கிட்டின் சிவப்புத் தொப்பி, அயோவாவிலிருந்து முகமூடி போட்டு வந்து பீப்பாயை அடித்த ஒன்பது பேர் கொண்ட ஸ்லிப்நாட், ஆர்மீனிய வேர் கொண்ட சிஸ்டம் ஆஃப் எ டவுன். இவர்கள் எல்லாரையும் நான் கேட்டது பிற்பாடுதான். பேட்டைக்கு முதலில் வந்து சேர்ந்தது லிங்கின் பார்க்.

அவர்களுடைய ஆல்பம் ஹைபிரிட் தியரி 2000 அக்டோபர் 24-இல் வெளிவந்தது. அதற்கு முன்னால் அந்தக் குழுவைப் பல கம்பெனிகள் திருப்பி அனுப்பியிருந்தன. நல்ல பாடகர் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தவர்களின் டேப் ஒன்று 1999 மார்ச்சில் அரிசோனாவில் இருந்த செஸ்டர் பென்னிங்டனுக்குப் போனது. அன்றைக்கு அவருக்கு 23-ஆவது பிறந்தநாள். விருந்துக்கு வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய், அந்த இசைமேல் தன் குரலைப் பதிந்து, போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆக, ஒருவர் பதிந்ததன் மேல் இன்னொருவர் பதிந்துதான் அந்தக் குழுவே பிறந்தது. எங்கள் கேசட்டில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

அந்த ஆல்பம் 2001-இல் அமெரிக்காவில் மற்ற எதையும்விட அதிகம் விற்றது. 2020-இல் அங்கே மட்டும் 1 கோடியே 20 லட்சம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. அவ்வளவு கோபத்தையும் ஒரு வசவு இல்லாமல் பாடியிருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அட்டையில் கொடி பிடித்த ஒரு பட்டாளத்துக்காரன், அவன் முதுகில் தட்டான் சிறகு. குழுவில் ராப் பாடுகிற மைக் ஷினோடா ஓவியம் படித்தவர், அவர் கைவண்ணம். தாமிரபரணி வாய்க்கால் கரையில் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடிய பையனுக்கு அந்தச் சிறகைப் பார்த்த உடனேயே பிடித்துப்போனது.

அந்த அட்டையை 2001 தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் சித்தி மகன். சென்னையில் இன்ஜினியரிங் படித்தான். கேசட் அவனுடையதும் இல்லை, ஹாஸ்டல் நண்பன் கொடுத்தது. தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்ப வேண்டும், கேசட்டும் கூடவே போக வேண்டும். பக்கத்து வீட்டு பாய் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டபுள் டெக் இருந்தது. புதுக் கேசட் இல்லை. கடை ஒன்றும் திறக்கவில்லை. சேரன்மகாதேவி ரோட்டில் சைக்கிளில் ரயில்வே கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. பெரியப்பா அலமாரியில் கை போனது.

ஹைபிரிட் தியரி பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஒரு பக்கம் ஏறக்குறைய 19 நிமிஷம், மறுபக்கமும் அதேதான். மொத்தம் 37 நிமிஷம் 45 வினாடி. அறுபது நிமிஷக் கேசட்டில் அதைப் பதிந்தால் பக்கத்துக்குப் பதினோரு நிமிஷம் தொடாமல் மிஞ்சும். அப்போது நான் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஸ்டாப்பை அமுக்கினேன். கேசட்டைத் திருப்பினேன். அவ்வளவுதான்.

பெரியப்பா மூன்றாம் நாள் கேட்டார்.

“ஏல, கொடை கேசட்ட எங்க?”

“அதுல ஒரு இங்கிலீஷ் பாட்டு புடிச்சிட்டேன் பெரியப்பா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “போடு” என்றார். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது பாட்டு, ஓடிப்போக வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கத்துகிற பாட்டு, முடிந்தது. மூன்று நான்கு வினாடி ஒன்றுமே இல்லை. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம், நான் ஸ்டாப்பை அமுக்கிய இடம். அதற்கு மறுநொடி மந்தம். யாரோ இருமுகிறார்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது. அண்ணாவி குரல் பாதி வரியிலிருந்து மேலேறுகிறது. பிள்ளை நடுச்சாமத்தில் தொட்டிலைவிட்டு இறங்கிச் சுடுகாட்டுக்குப் போகிற கட்டம்.

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “விளக்கு போச்சு. தொட்டில் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

விளக்கு என்றால் பிறப்பு. பார்வதி பிள்ளை வரம் கேட்டு, விளக்குச் சுடர் முந்தானையில் விழுந்து அது பிள்ளையாகிற இடம். அதை அண்ணாவி அன்றைக்கு இழைத்து இழைத்துப் பாடியிருந்தார். அதன்மேல்தான் நான் பதிந்துவிட்டேன். ரெக்கார்ட் பட்டனை அமுக்கினால் நாடா முதலில் அழிக்கிற ஹெட்டைக் கடந்துதான் பதிகிற ஹெட்டுக்கு வரும். அடியில் பழசு ஒளிந்திருக்காது. அந்த அண்ணாவியும் அடுத்த சில வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பப் பதிய வழியில்லை. நான் செய்த தப்புகளில் இது பெரிய தப்பு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பெரியப்பாவிடம் அழிந்த கதையைக் கேட்டேன். அவர் பாடவில்லை, சொன்னார். சுடரிலிருந்து பிறந்த பிள்ளைக்குப் பசி அடங்கவில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் வந்து தொட்டிலில் படுத்துக்கொள்கிறது. தாய் தூக்கினால் பிள்ளைமேல் பிண வாடை. இந்தப் பிள்ளை கைலாசத்தில் இருக்கக் கூடாது என்று பெற்றவர்களே வரம் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். இரண்டாவது பக்கத்தில் மிஞ்சிய பதினோரு நிமிஷம் இதுதான்: பிள்ளை ஒவ்வொரு வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பூலோகத்துக்கு இறங்குவது. அதற்கு முன்னால் ஓடுகிற பாட்டு, ஹைபிரிட் தியரியின் கடைசிப் பாட்டு. அதன் தலைப்புக்கே என்னைத் தள்ளிவிடுகிறாய் என்று அர்த்தம் வரும். முதல் பக்கத்தில் ஓடிப்போகிறவன் பாட்டை ஒட்டித் தொட்டிலைவிட்டு ஓடுகிற பிள்ளை, இரண்டாம் பக்கத்தில் தள்ளப்பட்டவன் பாட்டை ஒட்டித் தள்ளப்பட்ட பிள்ளை. யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை, பதினோரு நிமிஷக் கணக்கு வைத்தது.

நு மெட்டலைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சின்னப்பிள்ளைதான். அடிபட்ட, பசித்த, வீட்டில் இடம் கிடைக்காத பிள்ளை. பென்னிங்டன் தன் சிறுவயதில் பட்டதையும் போதையில் விழுந்ததையும் வெளிப்படையாகச் சொன்னவர். ‘கிராலிங்’ பாட்டில் தன் தோலுக்குள் தானே இருக்க முடியாமல் தவிப்பதைத்தான் அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார். பல பாட்டுகளில் ஷினோடா கதை சொல்வதுபோல் வரி வரியாகப் பேசிக்கொண்டு போக, பென்னிங்டன் அதை வாங்கி மேலே கொண்டுபோவார். காதில் கை வைத்த பின்பாட்டுக்காரர்தான் எனக்கு நினைவுக்கு வருவார். எங்கள் ஊர் தள்ளப்பட்ட பிள்ளைக்குக் கோயில் கட்டி, வருஷம் ஒருமுறை விடிய விடிய அவன் கதையை அவனுக்கே பாடிக் காட்டுகிறது. பேக்கர்ஸ்ஃபீல்டு பையன்களுக்கும் பென்னிங்டனுக்கும் அப்படி ஒரு கொடை இல்லை, ஆல்பம் போட்டார்கள்.

கேசட் வீட்டில் தங்கவில்லை. பேட்டை ஐடிஐயில் ஃபிட்டர் படித்த நண்பன் இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப்போய், 2002-இல் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஒரே ரூமில் ஏழு பேர், எல்லாரும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன்கள். ஆரம்பத்தில் அவர்கள் இங்கிலீஷ் பாட்டை ஓட்டிவிட்டு நேரே மகுடத்துக்குப் போவார்களாம். ஓட்டி ஓட்டி ஒருநாள் நாடா சிக்கிக்கொண்டது. பேனாவை விட்டுச் சுற்றிச் சரிசெய்த பிறகு இனி ஓட்டக்கூடாது என்று ரூமில் சட்டம். அப்புறம் அந்த ஏழு பேருக்கும் ஹைபிரிட் தியரி மனப்பாடம். அர்த்தம் தெரியாமல் எல்லா வரியையும் பாடுவார்கள், நைட் ஷிப்ட் முடிந்து வந்து துணி துவைக்கும்போது.

2005-இல் அவன் ஷார்ஜா போனான். கேசட்டும் போனது. அங்கே பன்னிரண்டு வருஷம், கட்டிலுக்கு அடியில். 2017 ஜூலை 20-இல் பென்னிங்டன் இறந்துபோனார், 41 வயது. தற்கொலை. செய்தி பார்த்துவிட்டு அவன் எனக்குப் போன் செய்தான். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அடுத்த லீவில் வரும்போது கேசட்டை ஒரு ஜோடி சட்டைக்கு நடுவே வைத்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தான்.

நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கிற குட்டிப் பஞ்சு விழுந்திருந்தது. ஓடு விரிசல் விட்டிருந்தது. ஸ்க்ரூ போட்ட ஓர் ஆன்மிகக் கேசட்டைப் பிரித்து, அதன் ஓட்டுக்குள் இந்தச் சுருளை மாற்றினேன். ஐந்து ஸ்க்ரூ, இரண்டு சின்ன உருளை, மூச்சுவிடாமல் அரை மணி நேரம். கூடு விட்டுக் கூடு பாய்ந்த மாதிரி, ஓடு வேறு, உயிர் அதே. மறக்காமல் இரண்டு பல்லையும் உடைத்தேன்.

செல்போனில் ஏற்றி வைத்திருக்கிறேன், மகுடம் மட்டும் வேண்டுமென்றால் ஒரு விரலில் எடுத்துவிடலாம். பெரியப்பாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயதாகிவிட்டது, கேட்பது குறைந்துவிட்டது, ஆனாலும் டேப்ரெக்கார்டரில்தான் போட வேண்டும், முதலிலிருந்து போட வேண்டும். ஓட்டினால் நாடா அறுந்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் பதினோரு நிமிஷம் கேட்க ஒவ்வொரு தடவையும் பத்தொன்பது நிமிஷம் காத்திருக்கிறார். எங்கள் தெருவில் லிங்கின் பார்க்கை அதிகம் கேட்ட மனிதர் அவர்தான். ‘கிராலிங்’ வரும்போது ஒருநாள் “இந்தப் பய பாவம்ல” என்றார். வேறு எதுவும் சொன்னதில்லை.

ஆறாவது பாட்டில் அந்தக் கத்தல் தொடங்கியதும் சாய்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பாட்டு நிற்கும். அந்த மூன்று நான்கு வினாடி மௌனத்தில், ‘டக்’ சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே, அவர் விரல் நாற்காலிக் கையில் மந்தத்தை அடிக்கத் தொடங்கியிருக்கும்.