உயிரணுவின் காவலர்

பிராணவாயு இன்றேல் நாம் சில நிமிடங்களுக்குமேல் உயிர் வாழ இயலாது. ஆயினும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், எண்ணெயைச் சிக்கு வாடை கொள்ளச் செய்வதும் அதே வாயுதான். அங்ஙனமாயின், அவ்வாயுவை இடைவிடாது ஏற்கும் நம் உயிரணுக்கள் எவ்வாறு சிதையாமல் நிற்கின்றன? இவ்வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெனார், ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் திரவத்தைக் கண்டறிந்தார். விலங்குகளின் திசுக்கள் பட்டால் அது பொங்கிச் சிதைவதையும் அவரே கண்டார். புண்ணில் அம்மருந்தை ஊற்றும்போது எழும் நுரை அதுவே. நுரைக்குக் காரணமான நொதிக்குப் பிற்காலத்தில் ஆஸ்கர் லோ என்பார் 'கேட்டலேஸ்' எனப் பெயரிட்டார். உயிரணுக்களில் இயல்பாகத் தோன்றும் பெராக்ஸைடை அந்நொதி தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் மாற்றிவிடுகிறது.

1946ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் தகாஹாரா, வாயில் அழுகற்புண் கொண்ட சிறுமி ஒருத்திக்குச் சிகிச்சை செய்தார். புண்ணில் பெராக்ஸைடை ஊற்றினார். நுரை எழவில்லை, குருதியோ கருத்தது. பிறவியிலேயே அவள் குருதியில் கேட்டலேஸ் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆனால், இக்குறையுடையோர் பலர் பெருந்துன்பமின்றி வாழ்வதும் பின்னர்த் தெரிந்தது. காவலர் வேறு சிலரும் உளர் என்பதற்கு இது சான்றன்றோ? 1957இல் மில்ஸ் என்ற அறிஞர், மாட்டின் சிவப்பணுக்களில் குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்னும் நொதியைக் கண்டார். ஹீமோகுளோபின் சிதையாமல் அது காக்கிறது. செலினியம் என்னும் தனிமம் அதன் உறுப்பாக இருப்பது 1973இல் தெளிவாயிற்று.

இனி, மற்றொரு காவலனின் கதை. 1938இல் கேம்பிரிட்ஜில் மான், கீலின் என்னும் இருவர், மாட்டுக் குருதியிலிருந்து செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். பின்னர் ஈரலிலும் மூளையிலும் அத்தகைய புரதம் கிடைத்தது. இடத்திற்கொரு பெயரும் பெற்றது. அதன் பணி மட்டும் எவருக்கும் விளங்கவில்லை. செம்பைச் சேமிக்கும் கலமாக அது இருக்கலாம் எனப் பலர் எண்ணினர்.

இதற்கிடையே, 1954இல் ரெபெக்கா கெர்ஷ்மன் முதலியோர் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டனர். மிகுதியான பிராணவாயு செய்யும் தீங்கும், எக்ஸ் கதிர் செய்யும் தீங்கும் ஒருவகைத் துணுக்குகளாலேயே விளைகின்றன என்றனர். இணையற்ற எலெக்ட்ரானை உடைய அத்துணுக்குகள், அருகிலுள்ள பொருள்களை உடனே தாக்கவல்லவை.

1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டு என்ற ஆராய்ச்சி மாணவரும் அவர்தம் ஆசிரியர் ஃபிரிடோவிச்சும் இவ்விரு செய்திகளையும் இணைத்தனர். பிராணவாயு ஓர் எலெக்ட்ரானை மிகுதியாகப் பெற்றால் 'சூப்பராக்ஸைடு' ஆகிறது. அதனைப் பெராக்ஸைடாகவும் பிராணவாயுவாகவும் மாற்றும் நொதியை அவர்கள் தேடிப் பிடித்தனர். அது வேறொன்றுமன்று, முப்பத்தோராண்டுகளாகப் பணி அறியப்படாதிருந்த அதே செப்புப் புரதம்! அந்நொதி விட்டுச்செல்லும் பெராக்ஸைடைக் கேட்டலேஸும் அதன் துணைவரும் அழிக்கின்றனர்.

இதே பணியைச் செய்யும் மாங்கனீஸ் நொதி ஒன்று மைட்டோகாண்டிரியாவில் உண்டு. அதனை இழக்கச் செய்த எலிக்குஞ்சுகள், பிறந்த சில வாரங்களுக்குள் மடிந்ததை 1995, 1996ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. இக்காவலின் இன்றியமையாமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவர்களே! ஒரு பொருளைக் காண்பது வேறு. அது எதற்காக உள்ளது என்று அறிவது வேறு. முன்னதைச் செய்தோரும் பின்னதைச் செய்தோரும் சேர்ந்தே அறிவியலை வளர்க்கின்றனர்.