பாங்காக்கில் ஒரு திருவெம்பாவை

பாங்காக்கின் கோயில்களைக் கடைசி நாளில் பார்க்கச் செல்பவர்கள் வாட் ஃபோ, வாட் அருணோடு திரும்பிவிடுவதுண்டு. வாட் சுதாத்தின் எதிரே நிற்கும் செந்நிற ராட்சத ஊஞ்சல்வரை சென்றால், அருகிலேயே தேவஸ்தான் இருக்கிறது. முதலாம் ராமர் 1784-இல் கட்டுவித்தது. சிவன், பிள்ளையார், திருமாலுக்குத் தனித்தனிச் சன்னதிகள். இங்கு ஆண்டுதோறும் நடைபெறும் விழாவின் பெயர் திரியம்பாவாய்–திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் திரிந்திருக்கின்றன.

விழாவின் ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுபோயிற்று. தேக்குத் தூண்கள்கூட மாற்றப்பட்டு, புதிய ஊஞ்சல் 2007-இல் அர்ப்பணிக்கப்பட்டது. மாணிக்கவாசகரின் பாடல் மட்டும் நிற்கவில்லை. கிரந்தத்தை ஒத்த எழுத்தில் எழுதிவைத்து, பொருள் மறந்த பின்னும் தாய்லாந்துப் பிராமணர்கள் ஓதிவருகிறார்கள். வெறும் இலக்கியமாகச் சென்றிருந்தால் பொருளோடு அதுவும் மறைந்திருக்கும். சடங்காகச் சென்றதால் ஒலியாகவேனும் பிழைத்திருக்கிறது.