ஜிக்பீ
ஜிக்பீ என்பது மிகக் குறைந்த மின்சாரத்தில், குறுகிய தொலைவுக்குச் சிறு தரவுகளை அனுப்பும் கம்பியில்லாத் தொடர்பு நெறிமுறை. திறன் வீடுகளில் விளக்கு, பிளக், கதவு உணரி போன்றவற்றை இணைக்கப் பயன்படுகிறது.

ஐ.இ.இ.இ. 802.15.4 தரநிலையின் மீது அமைந்த இது, பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 16 தடங்களில் இயங்குகிறது. உச்ச வேகம் நொடிக்கு 250 கிலோபிட். கேமராவுக்கு இது போதாது. அதற்கு வைஃபையே பொருத்தம்.

ஒருங்கிணைப்பி, வழிப்படுத்தி, முனைக்கருவி என இதன் கருவிகள் மூவகை. இடைவிடாத மின் இணைப்புள்ள பல்புகளும் பிளக்குகளும் பொதுவாக வழிப்படுத்திகளாகி, பிற கருவிகளின் செய்திகளைக் கடத்துகின்றன. சுவர் சுவிட்சில் அத்தகைய பல்பை அணைத்தால் அவ்வழி அறுபடும். வேறு வழி இல்லையெனில் அப்பாலுள்ள உணரி தொடர்பிழக்கும். ஆகவே அந்தச் சுவிட்சுகளை எப்போதும் போட்டே வைப்பது அவசியம். பேட்டரி உணரிகள் பெரும்பாலான நேரம் உறங்குநிலையில் இருப்பதால் நீண்டகாலம் உழைக்கும்.

வைஃபையும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் குறுக்கீடு நேரலாம். வைஃபை 1ஆம் தடத்தில் இருந்தால் ஜிக்பீயை 25ஆம் தடத்தில் வைப்பது நல்ல தேர்வு. இசட்-வேவ் என்னும் மற்றொரு திறன்வீட்டு நெறிமுறை 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் இச்சிக்கல் அதற்கில்லை.

ஜிக்பீ கூட்டமைப்பு 2002இல் உருவானது. முதல் விவரக்குறிப்பு 2004இல் ஏற்கப்பட்டது. 2021இல் கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் எனப் பெயர் மாறிய இவ்வமைப்பு, 2022இல் மேட்டர் என்னும் திறன்வீட்டுத் தரநிலையை வெளியிட்டது. ஜிக்பீ கருவிகள் இணைப்புப் பாலம் வழியாகவே மேட்டரில் சேர முடியும்.