விநியோக வண்டிகளின் தடவரிசை: 2021ஆம் ஆண்டுப் பதிவை வாசிக்கும் முறை குறித்து

நகரங்களில் வீடுதோறும் பொட்டலம் சேர்க்கும் வண்டிகள், கணிதம் காட்டும் மிகக் குறுகிய சுற்றை விட்டு விலகிச் செல்வதற்கு ஓட்டுநரின் அநுபவ ஞானமே காரணம் என்னும் அபிப்பிராயம் ஆய்வாளரிடையே ஏறக்குறைய சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. இதற்குப் பிரதான ஆதாரமாக எடுத்தாளப்படுவது, அமேசான் நிறுவனமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2021இல் நடத்திய போட்டியையொட்டி வெளியான, ஐந்து அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளில் 2018இல் நிகழ்ந்த 9,184 பயணங்களின் பதிவாகும். அப்பதிவு இவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நிறுத்தங்களின் இடம், பொட்டலங்களின் அளவு, நிறுத்தத்திற்கு நிறுத்தம் ஆகும் பயண நேரம், வண்டி மெய்யாகச் சென்ற வரிசை ஆகியவற்றையெல்லாம் தரும் அப்பதிவு, ஓட்டுநர் இன்னார் என்பதையும், புறப்படுகையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட திட்ட வரிசை இன்னது என்பதையும் தரவில்லை. ஆகவே, விலகல் என்று அளக்கப்படுவது ஆய்வாளர் தாமே கணித்த குறுஞ்சுற்றிலிருந்து விலகியதேயன்றி, ஓட்டுநர் பெற்ற கட்டளையிலிருந்து விலகியதன்று. தெருவைப் பல மாதம் பழகியவரையும் நேற்று வேலைக்கு வந்தவரையும் பிரித்தறிய வழியில்லாத ஒரு சாட்சியத்திலிருந்து பழக்கத்தின் பயனை நிரூபிப்பது எவ்வாறு?

இதனினும் முக்கியமானது, ஒவ்வொரு நிறுத்தத்தோடும் பெரும்பாலும் இணைந்து வரும் வட்டாரக் குறியீடு. எழுத்தொன்று, எண்ணொன்று, புள்ளி, பின்னும் ஓர் எண், இறுதியில் ஓர் எழுத்து என அமைந்த இக்குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பயணத்தை நிறுத்தம் நிறுத்தமாகத் தொடர்ந்தால், வண்டி பொதுவாக ஒரு வட்டாரத்தை முடித்த பின்னரே அடுத்ததிற் புகுவதையும், புள்ளிக்குப் பின்னுள்ள எண் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறியபின் கடையெழுத்து ஒருபடி மாற, அதே எண் மூன்று, இரண்டு, ஒன்று என இறங்கி வரும் பயணங்களையும் காணலாம். நினைவும் பழக்கமும் தாமாக இத்தகைய சீரை விளைவித்தன என்று நம்புவது கடினம்; இது முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒழுங்கின் சாயல். கிடங்கில் பொட்டலங்களை ஏற்றிய முறையும் இதனோடு இயைந்திருக்கக்கூடும். ஆயினும் பதிவு அதைச் சொல்லாமையால் நானும் வற்புறுத்தவில்லை. அப்போட்டியில் முதற்பரிசு பெற்ற குக், ஹெல்ட், ஹெல்ஸ்கான் ஆகியோரின் முறை, இக்குறியீடுகளின் ஒழுங்கையே நிபந்தனைகளாக்கி அவற்றுக்குட்பட்டுக் குறுகிய சுற்றைத் தேடியது. ஓட்டுநரின் மனத்தைப் பற்றிய அனுமானம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

குறியீடுகளே ஓட்டுநர்களின் அநுபவத்திலிருந்து பிறந்தவையாகலாமே என்பர். ஆகட்டும்; அப்போதும் அது நிறுவனத்தின் ஞாபகமேயன்றி, வண்டியில் அமர்ந்தவரின் நிர்ணயமாகாது.

இந்த வேற்றுமையை அற்பமென்று ஒதுக்க என் மனம் இசையவில்லை. தொழிலாளியிடம் பாடம் கேட்பதாக எண்ணிக்கொண்டு திட்டமிடுவோர் தம்முடைய பழைய ஏற்பாட்டையே மீண்டும் கற்றுக்கொள்வாராயின், அத்தொழிலாளியின் சொல் கேட்கப்படாமலே போகிறது. அச்சொல் இப்பதிவில் எங்கேனும் இருக்குமானால், குறியீடு மௌனமாகிவிடும் ஒரே வட்டாரத்தின் உள்ளே, எந்த வாசலை முதலிலும் எதனைப் பின்னரும் அவர் அடைந்தார் என்பதிலேதான் இருக்கவேண்டும். குறுஞ்சுற்றோடு ஒப்பிடும் வேலை அங்கிருந்து தொடங்கப்பட வேண்டும்.