மழைநாட்டில் காற்றுக்குழாயின் உயரம்

மலாக்காவின் செங்கிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் காடியை மாற்றியமைக்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் காற்று வடிகட்டியில்தான். கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஓப்பன் போட் வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் நீண்ட குழாய் ஒன்றை வாங்கி, வடிகட்டியை முன் பம்பருக்குள் சக்கரத்தின் அருகே தாழ இறக்கிவிடுகிறார்கள். மழைக்காலம் வந்ததும் அதே வடிகட்டிக்கு உறை தேடுகிறார்கள். உறையைத் தேடும் முன் காற்று புகும் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மழையிலும் சேற்றிலும் ஓடிய இயந்திரங்களின் வரலாறு இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. கழற்றி மூலையில் போடப்படும் அந்தக் கறுப்புப் பெட்டியில் அந்த விடை இருக்கிறது.

மலாக்கா இந்த வரலாற்றுக்குப் பொருத்தமான இடம். 1896இல் டான் சாய் யான் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று அது. பின்னர் எழுந்த தோட்டங்களின் செம்மண் பாதைகள் வெயிலில் புழுதியாகவும் மழையில் குழம்பாகவும் கிடந்தன. 1948இல் அறிமுகமான லேண்ட்ரோவர் இத்தகைய பாதைகளுக்கே உரிய வண்டி. அதன் காற்று வடிகட்டி எண்ணெய்த் தொட்டி வகை. போனட்டுக்கு அடியில் இயந்திரத்தோடு ஒட்டி மேலே இருந்தது. செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரிகளில் கேபினுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நிற்கும் காற்றுக்குழாயை இன்றும் காணலாம். 1985 ஜூலை 9இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டரின் தலைமேல் வட்டத் தட்டாக வடிகட்டி அமர்ந்திருந்தது. இயந்திரத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. 1993இல் வீரா வந்து எரிபொருள் ஊசிமுறை பரவியபோது வடிகட்டி பக்கவாட்டுப் பெட்டிக்குள் போனது. ஆனாலும் இத்தகைய காடிகளில் பெட்டியின் மூக்கு பெரும்பாலும் முன்விளக்குக்குப் பின்னால், போனட்டின் விளிம்பை ஒட்டியே நின்றது. பல பெட்டிகளின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் உண்டு. தோட்ட வண்டியிலிருந்து குடும்பக் காடிவரை வடிவம் மாறியபோதும் அந்த மூக்கு உயரத்தை விடவில்லை.

இதே பாடத்தைப் போர் இன்னும் கடுமையாகக் கற்றுக்கொடுத்தது. மூழ்கிச் செல்லும் நீர்மூழ்கியின் இயந்திரத்துக்குத் தண்ணீருக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாயை டச்சுக் கடற்படை 1930களில் உருவாக்கியது. அந்தக் குழாயோடு முதலில் கட்டப்பட்ட நீர்மூழ்கிகளில் ஒன்றான ஓ-20, 1941 டிசம்பரில் நம் கோத்தா பாரு கடலுக்கு அப்பால் ஜப்பானிய நாசகாரிக் கப்பலிடம் சிக்கி மூழ்கியது. பின்னர் ஜெர்மானியர் பயன்படுத்திய குழாய்களில், அலை வாயை மூடினால் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். இயந்திரம் உடனே கப்பலுக்குள் இருக்கும் காற்றை இழுக்க, மாலுமிகளுக்குக் காது வலிக்கும். 1944 ஜூன் 6இல் நார்மண்டிக் கரையேறிய ஷெர்மன் டாங்கிகள் பலவற்றில் உயரமான காற்றுக்கூண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. 1997 முதல் ஆண்டிறுதிப் பருவமழையில் மலேசியக் காடுகளில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் ஜீப்புகள் கூரை உயரத்துக்குக் குழாய் தூக்கியிருப்பதும் அதே தேவைக்காகத்தான்.

தண்ணீர் ஏன் இத்தனை ஆபத்து? 1,500 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் 375 சிசி. அமுக்க விகிதம் 10 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 42 சிசி, அதாவது மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த இடத்தைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீர் புகுந்தாலே பிஸ்டன் முட்டிக்கொள்ளும், கனெக்டிங் ராட் வளையும். டீசலில் அந்த இடம் இன்னும் சிறிது. இந்தப் பெட்ரோல் இயந்திரமே நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 2,250 லிட்டர்வரை காற்று இழுக்கும். ஆகவே வடிகட்டி ஒரு நொடி மூழ்கினாலும் தீங்கு நேர்ந்துவிடலாம். ஆனால் மழைத்தூறலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கப் போர்விமானங்களில் ஆர்-2800 இயந்திரத்துக்கு வேண்டுமென்றே தண்ணீர் தெளித்தார்கள். 1962இன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காடியும் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் குடித்து ஓடியது. துளியாக வரும் தண்ணீர் ஆவியாகிவிடும். மொத்தமாக விழுங்கும் தண்ணீர்தான் கொல்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் கடைகளில் விற்கும் நீர்விலக்கு உறையின் எல்லையும் தெரிந்துவிடும். அது தெறிக்கும் துளியைத் தடுக்கும். குளத்துக்குள் இறங்கிய வடிகட்டியைக் காக்காது. நடுக்குழாயில் பொருத்தும் பைபாஸ் வால்வு அதைவிட மேல். கீழ்வாய் அடைபட்டால் அது மேலே திறந்து காற்று கொடுக்கும். நீர்மூழ்கியில் செய்ததன் மறுவடிவம்தான் அது. டர்போ இயந்திரத்துக்கு மட்டும் அது ஒத்துவராது. தாழ்ந்த இடத்துக் காற்று குளிர்ந்தது, குளிர்ந்தால் சக்தி கூடும் என்பது மற்றொரு வாதம். அது பாதி உண்மை. காற்று மூன்று டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் ஒரு விழுக்காடு கூடும். போனட்டுக்குள் கொதிக்கும் காற்றைவிட வெளிக்காற்று நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெளிக்காற்று முன்விளக்கின் உயரத்திலேயே கிடைக்கிறது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையை ஒட்டிய காற்று அதைவிடக் குளிர்ச்சியானதும் அல்ல. வெள்ளச் சாலைக்குள் போகாமல் இருந்தால் போதாதா என்றும் கேட்கலாம். லொங்காங் நிரம்பி வழியும் மாலையில் எதிரே இருப்பது அரையடிப் பள்ளமா, இரண்டடிப் பள்ளமா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. எதிர்வரும் லாரி கிளப்பும் அலையும் அவர் கையில் இல்லை.

2006 டிசம்பர் வெள்ளம் ஜொகூரோடு மலாக்காவையும் தாக்கியது. 2021 டிசம்பர் 18இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் காடிகள் மிதந்தன. சாதாரண விரிவான காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்காது. அதற்குத் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்திருக்க வேண்டும். மாற்றம் செய்ததைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கும் சிக்கல் வரலாம். ஆகவே குழாய் போட ஆசைப்படுகிறவர்கள் வாயை முன்விளக்கின் உயரத்துக்குக் கீழே இறக்காதீர்கள். பம்பருக்குள் இறக்கியிருப்பவர்கள் மழைக்காலம் முடியும்வரையாவது பழைய பெட்டியைத் திரும்பப் பொருத்திவிடுங்கள். அப்படியும் தண்ணீரில் காடி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக் கரைசேர்த்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.